ஆறாவது செல்

ஜூன் 4, செவ்வாய்

இது டெஸ்ட் நோட்டு. நம்பர் மட்டும்தான் எழுதுவது என்று முடிவு. பேனா கையில் கிடைத்தால் எனக்கு வாய் நீளும், அதனால் இந்த முடிவு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

மீன்பிடித் தடை தொடங்கிய நாளிலிருந்து சேர்த்த பழைய லேப்டாப் பேட்டரிகள் எட்டு. பிரித்ததில் நாற்பத்தெட்டு செல். கட்டைவிரல் பருமன், அதைவிடக் கொஞ்சம் நீளம். நாலு ஒழுகியிருந்தது, தள்ளிவிட்டேன். மீதி நாற்பத்துநாலு. என் டெஸ்டரில் ஒரு சுற்றுக்கு நாலுதான் போடலாம். ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு இறங்கியது என்று எண்ணிச் சொல்லும். புதுச் செல் 2200 காட்டும். 1800-க்கு மேல் வந்தால் பாஸ். ஒரு சுற்றுக்குப் பத்து மணி நேரம்.

கோமளா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். என் ஓரகத்தி, என் வீட்டுக்காரர் தம்பியின் பெண்டாட்டி. பக்கத்துக் கதவுதான் அவள் வீடு.

"ஏங்க்கா, கடையில புதுசா வாங்க மாட்டாம, செத்துப்போன கம்ப்யூட்டரயெல்லாம் நோண்டிக்கிட்டு கெடக்கிய?"

"கடைக்காரன் தம்பியா கடலுக்குப் போறான்? நானே பாத்துச் செஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றேன்.

போன ஜனவரியை அவள் மறந்திருக்க மாட்டாள். கடலில் படகின் பெரிய பேட்டரி செத்து, வயர்லெஸ் ஊமையாகி, இரண்டு நாள் படகு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் அதே படகு. இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து மணலை எண்ணினோம். அன்றைக்கே இவரிடம் சொன்னேன்: பெரிய பேட்டரி செத்தாலும் இரண்டு நாள் வயர்லெஸ் பேசுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்று. மொபைல் சர்வீஸ் கடையில் பதினோரு வருஷம் பேட்டரி மாற்றியவள் நான். இதுகூடத் தெரியாதா?

முதல் சுற்று: 2040, 1985, 1310, 2090. மூன்று பாஸ்.

ஜூன் 6, வியாழன்

பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. ஒரு சுற்று வீண். மின்வாரியத்தை வைதுகொண்டே இட்லிக்கு ஊறப்போட்டேன், உளுந்தை இரண்டு மடங்கு போட்டுவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

எல்லாம் முடிந்தது. முப்பத்தொன்று பாஸ். ஏழு நோஞ்சான். ஆறு செல்லை டெஸ்டர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அவற்றைத் தனி டப்பாவில் போட்டேன்.

பெட்டிக்கு மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் முப்பத்தாறு வேண்டும். வரிசைக்குப் பத்து வீதம் முப்பது போட்டாலும் பெட்டி ஓடும். எட்டு மணி நேரம் குறையும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். வயர்லெஸ் வைத்திருக்கும் தட்சிணாமூர்த்தி அண்ணன், "நெசமா ரெண்டு நாள் ஓடுமா மங்க? ஓடுனா இன்னும் நாலு படகுக்கு ஒங்கிட்டதான் செய்யச் சொல்லுவேன்" என்று ஆட்கள் நடுவே கேட்டார். ஓடும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 12, புதன்

முப்பத்தாறு சேர்ந்துவிட்டது. கடைசி ஐந்து: 2065, 2110, 1990, 2080, 2105. எல்லாம் பாஸ். ஒன்று உபரி, 2075. அதை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

குக்கர் கேஸ்கட் வாங்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

தடையின் கடைசி நாள். படகுக்குப் பூசை. பெயின்ட் அடித்து, மாவிலை கட்டி, 'முத்துக்குமாரி' புதுப்பெண் கணக்காய் நின்றது. என் பெட்டிக்கும் யாரோ சந்தனம் வைத்து ஒரு முழம் பூச்சுற்றினார்கள். இவர்தான் படகின் டிரைவர். பெட்டியை அவர் படுக்கிற பலகைக்குக் கீழே வைக்கச் சொன்னேன், அங்கேதான் தண்ணீர் படாது. இன்ஜின் ஓடும்போது அதுவே தினமும் சார்ஜ் ஏறிக்கொள்ளும். பக்கத்தில் டீசல் கேன்கள் இருந்தன. இடம் அப்படி, என்ன செய்வது?

"எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுல்ல?" என்று இவர் கேட்டார்.

"முப்பத்தாறும் டெஸ்ட் பண்ணியாச்சு."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, சனி

விடியும்போது போனார்கள். எட்டுப் பேர். எட்டு நாள் கழித்துத் திரும்ப வேண்டும். பத்து மணிவரை போனில் சிக்னல் இருந்தது, பிறகு இல்லை.

அலமாரி செல்: 4.17 வோல்ட். சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

4.14. இது இயல்புதான். சார்ஜிலிருந்து எடுத்த செல் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும்.

ஜூன் 17, திங்கள்

4.08. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரி வீக்காக இருக்கலாம். கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிப் போட்டேன். 4.07.

நோஞ்சான் ஏழில் ஒன்றை எடுத்து அளந்தேன். போன வாரம் 4.16, இன்றைக்கும் 4.16. மீட்டர் மீது பழி போட முடியாது.

துணி துவைத்தேன், ரேஷனுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது கார்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே இருந்தேன். கையிலேயே இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

3.98.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

டெஸ்டர் ஏற்றுக்கொள்ளாத அந்த ஆறு செல்களையும் நான்தான் எழுப்பினேன். பதினொன்றாம் தேதி, ஒரு நல்ல செல்லோடு வயர் போட்டுச் சேர்த்துப் பிடித்து, வோல்ட்டைத் தூக்கிவிட்டு, பிறகு டெஸ்டரில் போட்டேன். ஆறும் நன்றாகவே நம்பர் காட்டின. ஐந்தைப் பெட்டியில் வைத்தேன். ஆறாவதுதான் அலமாரியில் இருக்கிறது.

நம்பர் நன்றாக வந்ததே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடம் எத்தனை படி கொள்ளும் என்று அளந்துவிட்டால் அது ஒழுகாத குடம் ஆகிவிடுமா? அந்த அளவு தாழ்ந்து கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து, ஊசி மாதிரி வளர்ந்து, உள்ளேயே தொட்டுக்கொள்ளும். தொட்டால் சூடு. எழுப்பிய செல்லை முழுக்கச் சார்ஜ் ஏற்றி இரண்டு வாரம் தொடாமல் வைத்து, வோல்ட் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற செல்களோடு சேர்க்க வேண்டும். கடையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நான்தான் வாய் ஓயாமல் சொல்வேன். தடை முடிய மூன்று நாள் இருந்தது. நான் மூன்று நாளையே இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டேன்.

மற்ற முப்பத்தொன்றில் பயமில்லை. ஏப்ரலிலிருந்து ஒரே வோல்ட்டில் நின்றவை.

பெட்டியில் சார்ஜைக் காவல் பார்க்கிற பி.எம்.எஸ். போர்டு இருக்கிறது. ஆனால் அது வரிசையைத்தான் பார்க்கும், தனிச் செல்லைப் பார்க்காது. ஒரு செல் உள்ளே தொட்டுக்கொண்டால் அதே வரிசையில் இருக்கும் மற்ற பதினொன்றும் தங்கள் சக்தியை அதற்குள் கொட்டும். அதற்கு மேலே பலகை. பலகையின் மேலே இவர்.

ஜூன் 19, புதன்

3.86.

கோமளா மீன் இல்லாத வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். போகிற அன்று அவள் புருஷன் குமரவேல் போனில் சொன்னானாம், "அண்ணி செஞ்ச பொட்டி இருக்குடி, இந்தத் தடவ தைரியமா இரு" என்று. அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். அடுப்பு அணைந்திருந்தது, அவளும் பார்த்தாள்.

சாயங்காலம் தட்சிணாமூர்த்தி அண்ணன் வயர்லெஸ் அறைக்குப் போனேன். மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு மேலே இருக்கிறது. எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். படகு தூரத்தில் இருந்தால் நேராகப் பேச முடியாது. நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு படகுக்காரர் நாம் சொல்வதைக் கேட்டு, அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லி அனுப்புவார். அவர் சொல்வதை அந்தப் பக்கத்துப் படகு அத்தனையும் கேட்கும்.

"முத்துக்குமாரி நல்லா இருக்கா அண்ணே?" என்றேன்.

"நேத்து பேசுனாங்க. நல்ல மீனாம். ஏதாவது சொல்லணுமா?"

பத்து முகமும் என்னைப் பார்த்தன.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

திரும்பி வந்துவிட்டேன். ஒருவேளை அலமாரியில் இருப்பது மட்டும்தான் கெட்டதாக இருக்கும். ஆறில் ஒன்றுதானே. நாளைக்குப் பார்ப்போம்.

ஜூன் 20, வியாழன்

காலையில் 3.71. மனசு கேட்கவில்லை. படகில் இன்ஜின் ஓடும்போது பெட்டி தினமும் சார்ஜ் ஏறுகிறது, அதே மாதிரி இதற்கும் ஏற்றிப் பார்ப்போம் என்று கொல்லையில் ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சார்ஜரில் போட்டேன். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷத்தில் விரலால் தொட்டேன், வெதுவெதுப்பு. பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து தொட்டால் கை தாங்கவில்லை. இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டேன். குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். மணலுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை பீறிக்கொண்டு வந்தது. நாற்றம் தொண்டையைப் பிடித்தது. வாளியின் பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

ஒரே ஒரு செல். பெட்டிக்குள் இதன் கூடப்பிறந்தவை ஐந்து. பக்கத்தில் டீசல்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தட்சிணாமூர்த்தி அண்ணன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். நடுவில் கிடைத்த படகின் டிரைவர் யாரென்றே எனக்குத் தெரியாது, குரல் மட்டும் கனமாக இருந்தது.

"முத்துக்குமாரி டிரைவர் சிங்காரவேலுக்கு வீட்லேர்ந்து சேதி. பலகைக்கிக் கீழ இருக்கிற பொட்டிய உடனே கடல்ல போடச் சொல்லுங்க. ஓவர்."

அந்தக் குரல் அதையே வாங்கி அங்கே சொன்னது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு திரும்ப வந்தது.

"பொட்டி நல்லா இருக்காம். ஒண்ணும் பயப்பட வேணாமாம். வீட்ல நிம்மதியா இருக்கச் சொல்றாப்ல. ஓவர்."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பொம்பளை பயந்துவிட்டாள் என்ற சிரிப்பு. தட்சிணாமூர்த்தி அண்ணன் மைக்கை வைக்கப் போனார். நான் அதைப் பிடுங்கினேன். அந்த அறையில் பெண்கள் மைக்கைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"நான் மங்கையர்க்கரசி பேசறேன். அதுல அஞ்சு செல்லு செத்த செல்லு. நான் எழுப்பி வெச்சது. அது நல்ல செல்லு இல்ல. டெஸ்ட் பண்ணியாச்சுன்னு நான் பொய் சொன்னேன். ஆறாவது செல்லு இங்க இப்ப வெடிச்சிருச்சு. தூக்கிப் போடச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும், முகம் தெரியாத அந்த மனுஷன் நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் தன் வாயால் சொன்னார். "அஞ்சு செல்லு செத்த செல்லாம். மங்கையர்க்கரசி பொய் சொல்லிருச்சாம்." அதை வேறொரு ஆம்பளைக் குரலில் கேட்கும்போது உடம்பு கூசியது. நடுவிலேயே இரைச்சல் ஏறி அந்தக் குரலும் போய்விட்டது. முத்துக்குமாரிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அண்ணன் ஒரு மணி நேரம் கூப்பிட்டார். பதில் இல்லை.

வாசலில் கோமளா நின்றிருந்தாள். நான் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

ஜூன் 21, வெள்ளி

தொடர்பு இல்லை. இவர்கள் இன்னும் கிழக்கே போயிருக்கலாம் என்கிறார் அண்ணன்.

கோமளா கதவைத் திறக்கவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த எமர்ஜென்சி லைட்டை ஒரு அம்மா திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "அவசரமில்லம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அதில் கோபம் வரவில்லை. பத்தொன்பதாம் தேதி அந்த அறையில் நின்று 'சும்மாதான் கேட்டேன்' என்று சொன்ன வாயைத்தான் அறுக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு நாள் முழுக்க என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு உயிரை அங்கே வைத்துவிட்டு.

ஜூன் 22, சனி

ஒன்றும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கு வர வேண்டும். வரவில்லை. நான் ஆற்று முகத்துவாரத்தில் நின்றேன். கோமளா நாலடி தள்ளி நின்றாள். பதினேழு படகு வந்தது, ஒவ்வொன்றின் பெயரையும் எழுத்துக்கூட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

காலையில் கரைக்கு வந்த ஒரு படகின் ஆள், நேற்று மத்தியானம் தென்கிழக்கே கருப்பாகப் புகை எழும்பியதைப் பார்த்ததாகச் சொன்னார். தூரமாம். வலையில் மீன் இருந்ததால் போய்ப் பார்க்கவில்லையாம். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தது நினைவில் இல்லை. டெஸ்டரை எடுத்துத் தரையில் அடித்தேன், உடையவில்லை. பொறுக்கி எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். இந்த நோட்டைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழித்தால் பன்னிரண்டாம் தேதி நான் எழுதியதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று வெட்கமாக இருந்தது. கிழிக்கவில்லை.

சாயங்காலம் கோமளா வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் பாயில் வந்து படுத்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒங்கள எனக்குப் பாக்கப் பிடிக்கல. ஆனா தனியா இருக்க முடியலக்கா."

ஜூன் 25, செவ்வாய்

வந்துவிட்டார்கள். எட்டுப் பேரும்.

பதினோரு மணிக்கு முத்துக்குமாரி உள்ளே வந்தது. வலை போய்த் தண்ணீருக்குள் சுற்றுகிற இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். அதோடு மல்லுக்கட்டி ஓட்டியதில் எழும்பியதுதான் அந்தக் கருப்புப் புகை. இரண்டு நாள் ஊர்ந்துதான் வந்திருக்கிறார்கள். கோமளா குமரவேலை எல்லோர் முன்னாலும் இரண்டு அடி அடித்துவிட்டு அழுதாள். நான் இவரைத் தொடவில்லை. எண்ணிக்கொண்டே நின்றேன், ஒன்று முதல் எட்டு வரை, மறுபடி ஒன்று முதல்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இவர் சாப்பிட உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டேன்.

"சேதி வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டும் வந்துச்சு."

"எப்ப போட்டீங்க?"

"மொத சேதி வந்த ஒடனேயே. கயித்த அறுத்து உட்டுட்டேன்."

"கயிறா?"

ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். கிளம்பிய அன்றைக்கே, முகத்துவாரம் தாண்டியதும், வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகின் பின்பக்கத்து வெளிவிளிம்பில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு கத்தியையும் செருகி வைத்திருக்கிறார். ஒரு நாள்கூடச் சார்ஜ் ஏற்றவில்லை. பலகைக்குக் கீழே டீசல் கேன்தான் இருந்திருக்கிறது.

"அப்பறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க? நான் இங்க மைக்கப் புடுங்கி, ஊரு முழுக்கக் கேக்கச் சொன்னேனே!"

"நடுவுல வேறாளு பேசுனான்ல. அத்தன படகும் கேட்டுக்கிட்டு இருக்கு. ஓம் பொட்டிய நானே தூக்கிப் போட்டேன்னு சொன்னா, ஒங்கிட்ட அப்பறம் எவன் வேல குடுப்பான்? நீ அப்படிப் பேசுவேன்னு எனக்கென்ன தெரியும்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்? கெட்ட செல்லு இருக்குன்னு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நம்பரு வந்தா நீ சத்தமாச் சொல்லுவே. ரெண்டாயிரத்து நாப்பது, ரெண்டாயிரத்து தொண்ணூறுன்னு, அடுப்படியில இருந்தாக்கூட எனக்குக் கேக்கும். அந்தப் பதினொண்ணாந் தேதி மட்டும் வாயே தொறக்கல. கதவச் சாத்திக்கிட்டு செஞ்சே. எனக்கு செல்லு பத்தி என்ன தெரியும்? ஒன்னத்தான் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எடுத்துட்டுப் போனீங்க? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு மாசம் ஒக்காந்து செஞ்சே. பூவெல்லாம் வெச்சு, ஊரே பாக்குது. அங்கன நின்னு எப்படி வேணாங்கறது?"

சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் எழுந்து போய் மோர் எடுத்தேன். டம்ளரில் ஊற்றி வைத்தேன்.

பத்து நாளாகப் பெட்டிக்குப் பயந்தேன். இப்போது இந்த மனுஷனைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. என் முகம் வாடக்கூடாது என்று, வெடிக்கும் என்று சந்தேகப்பட்ட ஒன்றை ஏழு பேரோடு சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மறுபடியும் கொண்டுபோவார். நான் எதைச் செய்து கையில் கொடுத்தாலும், பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

மோரைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அடுத்த வாரம் போவணும்" என்றார். "நல்ல செல்லா முப்பதே போட்டு வேற ஒண்ணு செஞ்சு குடேன்."